பக்கத்து வண்டி

"வாங்க மேடம், வாங்க! உங்களுக்காகத்தான் பசங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்று ஜான்சி மிஸ் படியிறங்கி வந்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஃபராவை மாடிக்கு அழைத்துப் போனார்.

ஃபராவுக்கு மூச்சு வாங்கியது. கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் தாமதம். தாம்பரத்தில் இறங்கிப் பிடித்த ஆட்டோக்காரர், "ஸ்கூலாண்ட வந்துட்டோம்மா, எறங்கு" என்று செம்பாக்கத்தில் நிறுத்தியதும், பெயர்ப்பலகையைக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடி வந்திருந்தாள். வராந்தாவில் இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் ஒருவரும் இல்லை. எல்லாரும் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

எம்.எஸ்ஸி., பி.எட். முடித்துவிட்டு அவள் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. எங்கே போனாலும் "சொல்லி அனுப்பறோம்" என்பதோடு சரி. இந்த முறையும் கிடைக்காவிட்டால் காஜா மாமாவின் செருப்புக் கடையில் பில் போட உட்காருவதாக வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல நீ தனியாத் தெரியணும்க்கா" என்று தம்பி யாசீன், இன்டர்வியூவில் எடுக்க வேண்டிய மாதிரி வகுப்புக்காக லேப்டாப்பில் கலர் கலராக ஸ்லைடு போட்டுக் கொடுத்திருந்தான். எட்டாம் வகுப்பு அறையில் அதைக் காட்ட ஒரு திரைகூட இல்லை.

கடைசி பெஞ்சில் ஜான்சி மிஸ்ஸும் பிரின்சிபால் ஸ்ரீரங்கனும் வந்து உட்கார்ந்தார்கள். பயத்தில் ஃபரா லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"மிஸ், நீங்க ஜெபினோட அம்மாவா?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

கல்யாணமே ஆகாதவளைப் பார்த்து என்ன கேள்வி! ஃபரா சிரித்துவிட்டாள். சிரித்ததில் பயமும் போய்விட்டது. "நான் உங்க எல்லாருக்கும் மிஸ்" என்று லேப்டாப்பை ஓரமாக வைத்தாள்.

"தாம்பரம் ஸ்டேஷன்ல உங்க டிரெயின் நிக்குது. ஜன்னல் வழியாப் பார்த்தா, பக்கத்து டிரெயின் நகருது. நகர்றது அதுவா, நீங்களா?"

"அதுதான்!" "இல்ல மிஸ், நாமதான்!" வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு, பிள்ளைகளைத் தோள் பிடித்து இரண்டு ரயிலாக நிற்க வைத்தாள். ஒன்று நின்றது, மற்றது ஓடியது. அப்புறம் இரண்டும் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் போயின.

"மிஸ், அவன் நகராம அங்கேயே நிக்கிற மாதிரி இருக்கு!"

"இதுக்குப் பேருதான் சார்பு வேகம்" என்றாள் ஃபரா. மணி அடித்தும் ஒருவரும் வெளியே போகவில்லை.

பிரின்சிபால் அறையில் காபி வந்தது. "பிரமாதம்மா! பேசாம அந்த வேலையை விட்டுட்டு டீச்சரா வந்துடுங்களேன்" என்றார் ஸ்ரீரங்கன்.

"டீச்சர் வேலைக்குத்தானே சார் வந்திருக்கேன். எந்த வேலையை விடணும்?"

"டிரெயின் ஓட்டற வேலையைத்தான்."

ஃபரா திருதிருவென்று விழித்தாள். "நான் எங்க சார் டிரெயின் ஓட்டறேன்? பிசிக்ஸ் டீச்சர் இன்டர்வியூன்னு வரச் சொன்னீங்களே!"

ஜான்சி மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, வாரா வாரம் ஒரு பேரண்ட் வந்து பசங்ககிட்ட அவங்க வேலையைப் பத்திப் பேசுவாங்க மேடம். இன்னைக்கு ஜெபினோட அம்மா முறை. அவங்க எலெக்ட்ரிக் டிரெயின் ஓட்டறாங்க. ஜெபின் புதுசா சேர்ந்தவன், இன்னைக்கு லீவு வேற. அவங்கம்மாவை நாங்க பார்த்ததே இல்ல. வாசல்ல உங்களைப் பார்த்ததும் அவங்கதான்னு நினைச்சோம், நீங்க டிரெயின்னு வேற ஆரம்பிச்சதும் சந்தேகமே வரல."

"அப்போ இன்டர்வியூ?"

"அது எதிர்ல இருக்கிற ஸ்கூல்ல. காலையிலேர்ந்து அங்க ஒரே கூட்டம்."

ஃபராவின் கண்ணுக்குச் செருப்புக் கடை தெரிந்தது. "சாரி சார், இப்ப ஓடினாக்கூடப் பிடிச்சுடலாம்" என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

பிரின்சிபால் ஜன்னலுக்குப் பாய்ந்து, வாசலில் நின்ற வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினார்:

"அன்பு, கேட்டைப் பூட்டு! நம்ம பிசிக்ஸ் மிஸ் எதிர் ஸ்கூலுக்கு ஓடறாங்க!"