எதிரிக்கு வைத்த பெயர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ராஜபாளையத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

எபனேசர் கம்ப்யூட்டரை எதிர்த்து, ஆளுக்கொரு முறை படை நகர்த்தும் விளையாட்டு ஆடினான். எதிரி ராஜாவுக்கு அவனே 'கிறிஸ்டோ' என்று பெயர் வைத்திருந்தான். அந்த ராஜா பத்து நாளாக ஓயாமல் எல்லை தாண்டி வந்து அடித்தான்.

இன்று எபனேசர் ஒரு கோட்டையை விட்டுக்கொடுத்துச் சமாதானம் கேட்டான். எதிரி ஒப்புக்கொண்டான்.

"ஏட்டி பிளஸ்ஸி, கிறிஸ்டோ வழிக்கு வந்துட்டான்!"

மனைவி வாசலிலிருந்து வந்து மெல்லச் சொன்னாள்: "ஒங்க அண்ணன் கிறிஸ்டோவும் ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து வந்து நிக்காவ. நாளைக்குச் சர்ச்சுல திருவிருந்தாம். தம்பிகூட ராசியாகிக் கை குடுக்காம அப்பம் வாங்க மாட்டாவளாம். நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்ட வயலையும் நீங்களே வச்சிக்கிடணுமாம்."

எபனேசர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வீட்ல இல்லன்னு சொல்லு."

உங்கள் வாசலுக்கு வரும் உறவு உள்ளே வந்து சாப்பிட்டே போகட்டும், மக்களே.