மணியகாரரின் துவக்கு

“வீட்டை நீ வைச்சிரு அக்கா. எனக்கு அப்பாவின்ரை துவக்கைத் தந்தால் காணும்.”

சுபாங்கன் இப்படிச் சொன்னதும் தியாகலிங்கத்துக்குக் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி புரைக்கேறியது.

மாமனாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு இப்போதுதான் முடிந்திருந்தது. டென்மார்க்கில் பஸ் ஓட்டுகிற மைத்துனன் அதற்கிடையில் பங்கு பேச வந்துவிட்டான்!

அவர் மனைவி தயாளினி அசையவில்லை.

“வீடு உன்ரையடா தம்பி. நான் சீதனம் வாங்கிக்கொண்டு போனவள். தேசவழமைச் சட்டப்படி எனக்கு இதிலை உரித்தில்லை. அப்பா என்ரை கையிலை தந்தது துவக்கு ஒண்டைத்தான்.”

சீதனமாக வந்த சாவகச்சேரிக் காணி இடப்பெயர்வோடு கைமாறிப்போனது. பாரிசவாதத்தில் விழுந்த தகப்பனைப் பார்க்கவென்று உடுவில் வீட்டுக்கு வந்தவள், அவர் கண்ணை மூடிய கையோடு வாடகை வீடு தேடத் தொடங்கியிருந்தாள். போன வருடம் தம்பி வாங்கிக் கொடுத்த தையல் மெசினைக்கூட, “உனக்கும் பிள்ளையள் இருக்கு” என்று கடைக்கே திருப்பி அனுப்பியவள் அவள்.

“அப்ப மாத்துவம். துவக்கு எனக்கு, வீடு உனக்கு.”

“அது வீட்டின்ரை விலைக்கு நிக்குமெண்டால் மாத்துறன். இல்லாட்டி தம்பியை ஏமாத்தின பழி எனக்கு வரும்.”

துவக்கு என்றால் சும்மா துவக்கு இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஊர் அதிகாரியான மணியகாரராக இருந்த பூட்டனுக்கு அரசாங்க ஏசண்டர் துரை கொடுத்த றிவோல்வர் என்று மாமனார் சொல்லிக்கொண்டிருப்பார். யுத்தகாலம் முழுக்கக் கிணற்றடியில் புதைந்து கிடந்ததாம். வீட்டில் ஒருவரும் அதைக் கிட்ட வைத்துப் பார்த்ததில்லை. அதன் வாய் தன் பக்கம் திரும்பினால் தியாகலிங்கம் எழும்பி மற்றப் பக்கம் போய்விடுவார்.

அடுத்த நாள் மூவருமாக யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய், பழைய சாமான் விற்கும் சுஹைர் நானாவின் கடைப்படி ஏறினார்கள். பழம்பொருளில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

நானா உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பிடியைப் பார்த்தார். உருளையைத் தடவினார். சுபாங்கனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

“அசல்தான் பிள்ளை. லண்டன் வேலை. உங்கடை வீட்டைவிடக் கூடத்தான் பெறும்.”

தயாளினி பெருமூச்சு விட்டாள். நொத்தாரிசிடம் போய் வீட்டு உறுதியை அவள் பெயருக்கு எழுதினார்கள். துவக்கை நானாவிடமே விட்டுவிட்டு சுபாங்கன் விமானம் ஏறினான். பொலிஸ், கச்சேரி என்று அரசாங்க அனுமதியெல்லாம் எடுத்து அவரே விற்றுக் கொடுப்பாராம்.

தியாகலிங்கத்துக்கு மனம் ஆறவில்லை.

“உம்மடை தம்பி வலு கெட்டிக்காரன். உது வெளிநாட்டு ஏலத்திலை எவ்வளவுக்குப் போகுமெண்டு தெரியுமோ? யூரியூப்பிலை பாத்தனான். உந்த ஓட்டு வீட்டை எங்கடை தலையிலை கட்டிப்போட்டுப் புதையலோடை போயிட்டான்.”

“அவன்ரை அதிட்டம். எங்களுக்கு இருக்க இடம் கிடைச்சிட்டுதுதானே.”

“அப்பாவைப் பாத்தது நீர். ஆதாயம் அவனுக்கு!”

ஒருநாள் மனைவிக்குச் சொல்லாமல் தியாகலிங்கம் ரவுணுக்குப் போனார். துவக்கு என்ன விலை போயிற்று என்று அறிந்தால், மச்சானிடம் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம்.

கடைக்குள் காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. மேசையில் கிடந்த பில் துண்டுகள் பறக்காமல் இருக்க, மேலே பாரமாக வைத்திருந்தது அந்தத் துவக்கு.

“என்ன நானா இது? வீட்டு விலை பெறுற சாமானை இப்பிடியே போடுறது! பொலிஸ் கண்டால் என்ன செய்வியள்?”

“பொலிஸ்காரர் கண்டவைதான் தம்பி. தூக்கிப் பாத்துச் சிரிச்சிட்டுப் போனவை. வாயைப் பாருங்கோ.”

தியாகலிங்கம் பின்னுக்குச் சரிந்தார்.

“பயப்படாமல் பாருங்கோ.”

குழலில் துளையே இல்லை. ஒரே இரும்பு வார்ப்பு.

“சோடனைச் சாமான். மணியகாரரின்ரை துவக்கு எந்தக் காலத்திலை, ஆரின்ரை கையாலை போச்சோ, அல்லாவுக்குத்தான் தெரியும்.”

“அப்ப என்ரை மச்சானை ஏமாத்திப்போட்டியளோ?”

நானா இல்லை என்று தலையாட்டினார்.

“அவர் உங்களோடை வாறதுக்கு முதலே தனியக் கொண்டுவந்து காட்டினவர். அக்காவுக்கு இதாலை என்ன கிடைக்குமெண்டு அறியத்தான் வந்தவர். உள்ளதைச் சொன்னன். பிறகு, ‘நானா, வீட்டைச் சும்மா குடுத்தால் அவ வாங்கமாட்டா. அசல் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ’ எண்டார்.”

தியாகலிங்கம் துவக்கைக் கையிலெடுத்து, துளையில்லாத அதன் வாயை இன்னொருதரம் பார்த்தார்.

“சாமான் விசயத்திலை நான் பொய் சொல்லுறேல்லைத் தம்பி. ஆனால் தொண்ணூறிலை எங்கடை முஸ்லிம் சனத்தை யாழ்ப்பாணத்தை விட்டுக் கலைக்கேக்கை நானும் என்ரை வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையிலை கொண்டு போனவன். வீடில்லாமல் நிக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும். அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

வீட்டுக்கு வந்தபோது தயாளினி வாசலிலேயே நின்றாள்.

“ரவுணுக்கே போனனீங்கள்? நானாவைக் கண்டனீங்களோ? துவக்கு வித்துப்பட்டுதோ? எங்களாலை தம்பிக்கு நட்டம் வந்திடுமோ எண்டு எனக்கு நித்திரையே இல்லையப்பா.”

தியாகலிங்கம் செருப்பைக் கழற்றிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“நல்ல விலைக்குப் போயிட்டுதாம். உம்மடை தம்பிக்குத்தான் லாபம்.”