கொடியில் மஞ்சள் துண்டு

கொடியில் துண்டு இல்லை.

பஸ் வளைவில் திரும்பும்போது கனகா மறுபடியும் பார்த்தாள். சரிவில் காப்பிச் செடிகளுக்கு நடுவே கௌரியின் ஓட்டு வீடு. முன்னால் இரண்டு சில்வர் ஓக் மரங்கள். நடுவில் கட்டிய கயிறு மட்டும் காற்றில் ஆடியது.

மறைக்கிறது என்று சொல்லிக்கொள்ள மூடுபனிகூட இல்லை.

தினமும் இந்த பஸ்ஸில் மஞ்சக்குட்டை ஊருக்கு வேலைக்குப் போகும் நர்ஸ் கனகா. ஏழாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளையோடு கௌரி சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த புதிதில், கனகா தினமும் இறங்கிப் போய்ப் பார்த்தாள். பிறகு பார்க்க வேண்டிய பிள்ளைகள் மற்ற ஊர்களிலும் சேர்ந்துவிட்டன. அந்த வீட்டில் போனுக்கு சிக்னலும் கிடைக்காது. அதனால்தான் இந்த ஏற்பாடு: பிள்ளை பால் குடித்து நன்றாக இருந்தால், காலையில் மஞ்சள் துண்டைக் கொடியில் போட வேண்டும். துண்டு இல்லையென்றால் கனகா இறங்கி வருவாள்.

அதன்பின் ஒரு நாளும் இறங்க வேண்டி வந்ததில்லை.

"அந்த ஜன்னல் சீட்டை உங்க பேருக்கே பட்டா போட்டுக் குடுத்தரலாமுங்க நர்சம்மா" என்று கண்டக்டர் இப்போதுதான் சிரித்திருந்தார்.

"நிறுத்தச் சொல்லுங்கண்ணா!"

ஒற்றையடிப் பாதை மழையில் ஊறிக் கிடந்தது. இரண்டு தரம் சறுக்கி, செடியைப் பிடித்து எழுந்தாள்.

உதடு நீலம் பாரித்திருக்கும். பால் இறங்கியிருக்காது. கால் சில்லிட்டு... வேண்டாம். நேற்றுத் துண்டு கிடந்ததே.

நேற்று.

கௌரியின் புருசன் தனபால் விடியும்போதே எஸ்டேட்டுக்குப் போய்விடுவான். இவள் தனியாகக் கத்தியிருந்தால் யாருக்குக் கேட்டிருக்கும்?

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

தள்ளினாள்.

கௌரி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை மாரோடு அணைத்துச் சேலையைப் போர்த்தியிருந்தாள். அசையவில்லை.

கை கழுவாமல் பிள்ளையைத் தொடாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்கிறவள், சேற்றுக் கையைச் சேலைக்குள் விட்டாள்.

ஒரு சின்னப் பாதம்.

சூடாக இருந்தது. விரல் பட்டதும் உதைத்தது.

சேலையை விலக்கினாள். உதட்டில் சிவப்பு. மூச்சு சீராக ஏறி இறங்கியது. அதன் பிறகுதான் கனகா நிமிர்ந்து அறையைப் பார்த்தாள்.

மஞ்சள் துண்டு பெட்டிமேல் காய்ந்து, மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் இரண்டு டம்ளர் காப்பி. இரண்டிலும் ஆவி பறந்தது.

கௌரி மெல்லத் திரும்பினாள். கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன.

"துண்டு கெடந்தா பஸ்ஸு நிக்காமயே போயிருதுங்களேக்கா."

மேலே ரோட்டில் காத்திருந்த பஸ் ஹாரன் அடித்தது.

கனகா குனிந்து பார்த்தாள். செருப்போடு உள்ளே வந்திருந்தாள். வாசலில் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.