காப்பாற்று

ஆக்சிஜன், முப்பத்தொன்று.

கீபோர்டில் அம்புக்குறிகளை எல்லாம் அமுக்கிப் பார்த்தாள். திரையில் விண்வெளி உடைக்காரன் திரும்பினான். குதித்தான். கப்பலுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தான்.

அவன் தலைக்கு மேல் பெயர் மிதந்தது. கேப்டன் வில்பிரட்.

அவள் கணவனின் பெயர். தோவாளை வளைவில் பைக்கோடு விழுந்து அவன் இறந்து இன்றோடு முப்பது நாள். காலையில் பூசை முடிந்து, சாப்பிட்டு, உறவுக்காரர்கள் கிளம்பியதும் அவன் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவன் விளையாடி நிறுத்திய இடத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடத்தான் நினைத்தாள்.

சும்மா இருந்தாளா? கைக்குச் சிக்கிய பட்டனை அமுக்கினாள். கப்பலின் கதவு திறந்தது. கேப்டன் வெளியே குதித்துவிட்டான்.

காற்றே இல்லாத கோள்.

இருபத்து நான்கு.

இந்த விளையாட்டில் ஒரே உயிர்தான். செத்தால் கப்பல் போகும், கண்டுபிடித்த கோள்கள் போகும், பெயரும் போகும். நான்கு வருடமாகச் சாகாமல் வைத்திருக்கிறேன் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். சோறு ஆறிப்போகிறது என்று இவள் கத்துவாள்.

பதினேழு.

கப்பல் எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை. எங்கு திரும்பினாலும் சாம்பல் நிறப் பாறை. அவன் மூச்சு ஸ்பீக்கரில் இரைந்தது.

கீபோர்டின் மூலையில் இருந்த ஒன்றை அமுக்கினாள்.

எல்லாம் நின்றது. எண்ணும் நின்றது.

ஆறு.

திரையில் மூன்று சொற்கள். தமிழில்.

தொடர்.

காப்பாற்று.

வெளியேறு.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் விழுந்த அன்றைக்கு அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லக்கூட முடியவில்லை. அவள் போய்ச் சேர்வதற்குள் முகத்தை மூடியிருந்தார்கள்.

காப்பாற்று என்பதை அமுக்கினாள்.

'பழைய நிலை அழிந்துவிடும். சரியா?' என்று கேட்டது.

அழியட்டும். இந்தப் பாழாய்ப்போன நிலை அழிந்தால்தானே அவன் பிழைப்பான். சரி என்பதை இரண்டு முறை அமுக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவன் அதே பாறையோரம் நின்றான். எண்ணும் அப்படியே ஆறில் நின்றது.

மஸ்கட்டுக்கு வீடியோ கால் போட்டாள். வில்பிரட்டின் தம்பி ஆன்றோவும் இதே பைத்தியம்தான். போனைத் திரைக்கு நேரே பிடித்து, செய்ததையெல்லாம் சொன்னாள்.

ஆன்றோ போனை இன்னும் கிட்டே பிடிக்கச் சொல்லிப் பார்த்தான்.

"மைனி, அது ஆளக் காப்பாத்துறது இல்ல. சேவ். ஆட்டம் எப்படி நிக்கோ அப்படியே எழுதி வச்சிரும். பழசு போச்சு."

"பழசுன்னா?"

"அண்ணன் கப்பலுக்குள்ள உக்காந்திருந்தாம்லா. அது."

"இனி என்ன செய்ய?"

"தொடர் அமுக்குனா ஆறு செகண்டு. கப்பலுக்கு ஓடிப்போக எப்படியும் இருவது வேணும்."

"அமுக்காட்டி?"

"அப்படியே நிப்பான் மைனி."

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

"இந்தத் தமிழெல்லாம் அண்ணன் போட்டதுதான?" என்றான் ஆன்றோ. "இங்கிலீஷ்ல இருந்தா மைனி கிட்டயே வரமாட்டா, தமிழ்ல மாத்திட்டா கூட உக்காந்து வெளயாடுவான்னு ஒரு வருசம் கெடந்து மாத்துனான். ஆயிரம் வார்த்தைக்கு மேல. ஆனா சேமின்னுல்லா வரணும் அது. இப்படியா போடுவான்?"

அவள் திரையில் இருந்த அந்தச் சொல்லைப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ளயே தமிழ் டீச்சர வச்சிக்கிட்டு... உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

அவன் தமிழில் மாற்றிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள், அவள் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். டீச்சர், சேவ் என்பதற்குத் தமிழில் என்ன என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. எந்த இடத்தில் வருகிறது என்று அவள் கேட்கவில்லை. தலையைத் தூக்கவுமில்லை. காப்பாற்று என்றாள். சேமி வராதா என்று இழுத்தான். நான் தமிழ் டீச்சரா, நீங்களா என்றாள். அவன் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டது காதில் விழுந்தது.

"மைனி? கேட்டானா?"

"இல்ல ஆன்றோ," என்றாள். "கேக்கவே இல்ல."