கமலாதேவி கண்ட முடிச்சு

புஷ்பத்தின் எட்டுப் பவுண் சங்கிலி பீரோவிலிருந்து காணாமல் போய் நான்கு நாள். அன்று பகல் புருஷன் சண்முகராஜாவும் அவளும் கடையில். வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர்: சண்முகராஜாவின் அக்கா கமலாதேவி, மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து வந்த வேலைக்காரி விஜிதா.

"அவதான் எடுத்தா. ரெண்டு முடிச்சுப் போட்ட கைக்குட்டையோட இடுப்புல செருகுனத இந்தக் கண்ணால பாத்தேன்" என்று கமலாதேவி பொலிஸில் சொல்லிவிட்டாள்.

சங்கிலியைக் கைக்குட்டையில் கட்டி இரட்டை முடிச்சுப் போட்டு வைத்தது உண்மைதான் என்றாள் புஷ்பம். வேறென்ன வேண்டும்?

விஜிதா மட்டும், பெரியம்மாவுக்குக் கண் மங்கல் என்றாள். சார்ஜன்ட் யோசித்தார். கண் தெரிகிறதென்று கண் டொக்டரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கி வந்தால் அன்றைக்கே பெண்ணை உள்ளே போடலாம் என்றார்.

ஆகவே பதுளை டவுனில் டொக்டர் சிவஞானத்தின் மாடிப்படிகளில் அக்கா ஏறினாள். கையைப் பிடித்து ஏற்றியது விஜிதா; பின்னால் தம்பி சண்முகராஜா. தோட்டத்து ஆட்களின் கை எவ்வளவு நீளம் என்று படிக்குப் படி அவளுக்கே விளக்கிக்கொண்டு போனாள் அக்கா.

வெளியே நர்ஸ் அக்காவின் கண்ணைச் சோதித்து அட்டையில் எதையோ குறித்தாள். உள்ளே டொக்டர், லேசர் அடிக்க முதல் ஒரு சோதனை இருக்கிறது என்று விளக்கை அணைத்து, கண்ணுக்குள் மெல்லிய ஒளிக்கோடுகளைப் பாய்ச்சினார்.

"கோடு எப்பிடி இருக்கு அம்மா?"

"நிக்குது."

"இப்ப?"

"படுத்திருக்கு."

"இப்ப?"

"வலப்பக்கமா சாஞ்சிருக்கு."

ஒன்றுகூடப் பிழையில்லை. விழித்திரை அருமையாக வேலை செய்கிறது என்றார் டொக்டர்.

"கேட்டுக்கிட்டியாடி?" என்றாள் அக்கா. விஜிதாவின் முகத்தில் இரத்தமில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கும் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் யார் போய்ச் சொல்வது?

சண்முகராஜா எழுந்தார். "அப்படியே எழுதித் தாங்க டொக்டர். பொலிஸுக்குக் குடுக்கணும், கண்ணு தெரியுதுன்னு."

"கண் தெரியுதெண்டு ஆர் சொன்னது?" டொக்டர் நிமிர்ந்தார். "இந்த வெளிச்சம், முந்தி ஒப்பரேசன் செய்த கண்ணில திரும்பப் படர்ந்திருக்கிற புகாரைத் தாண்டி உள்ளுக்குப் போய், பின்னால விழித்திரை நல்லா இருக்கோ எண்டு மட்டும்தான் பாக்கும். லேசர் அடிச்சா இனித் தெரியும். இப்ப, மூஞ்சிக்கு நேர விரலைக் காட்டினாலும் எண்ணத் தெரியேல்லையெண்டு நர்ஸ் எழுதியிருக்கிறா. இந்தப் புகார் நாலு நாளில வாறதில்லை. மாதக்கணக்கா இருந்திருக்கும்."

விஜிதா அக்காவின் கையை விட்டாள்.

"அக்கா," என்றார் சண்முகராஜா மெதுவாக, "அப்ப அந்த ரெண்டு முடிச்சு?"

முடிச்சை அவிழ்த்த கமலாதேவியின் விரல்கள் தாமாகவே முந்தானைக்குள் ஒளிந்துகொண்டன.