மூன்றாவது சிரிஞ்சு

"கண்ணைத் திறங்க சார்!"

சிஸ்டர் போட்ட சத்தத்தில், வெளியே பெஞ்சில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்களும் சேர்ந்து கண்ணைத் திறந்தார்கள்.

மருந்தை எப்படிக் கொடுப்பது என்று சொல்லித் தருகிற சின்ன அறை அது. மேஜைக்கு இந்தப் பக்கம் சிஸ்டர். அந்தப் பக்கம் யூனிபாரத்தோடு ஒரு பஸ் கண்டக்டர். பக்கத்துக் கட்டிலில் அவனுடைய ஒரு வயது மகள், வலிப்பு வந்து ஓய்ந்த களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி டியூட்டி பார்த்துட்டு வந்தீங்களா?"

"இல்லை சிஸ்டர்."

"அப்புறம் ஏன் மருந்து எடுக்கும்போது மட்டும் கண்ணு சொருகுது? இது வலிப்பு மருந்து. குறைஞ்சா மறுபடி வலிப்பு வரும். கூடினா குழந்தை எழுப்ப எழுப்ப எந்திரிக்காது. புரியுதா?"

"புரியுது சிஸ்டர்."

சொட்டு சிஸ்டர் என்றுதான் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர். டாக்டரே எழுதியிருந்தாலும், குழந்தையின் எடையைப் போட்டுப் பெருக்கி, வகுத்து, கணக்கு உதைக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் மருந்து பாட்டிலையே எடுப்பாள். இந்தக் குழந்தைக்குக் காலையில் இரண்டரை மில்லி, ராத்திரி இரண்டரை மில்லி. அதில் ஒரு சொட்டு முன்னே பின்னே ஆனால் அவளுக்குப் பொறுக்காது.

ஊசியில்லாத சிரிஞ்சையும் தண்ணீர் டம்ளரையும் மறுபடி அவன் பக்கம் தள்ளினாள்.

"முதல்ல ஒரு தடவை இழுத்து, முழுசாத் தள்ளிடுங்க. காத்து போயிடும். நுனியை வெளியே எடுக்காம மறுபடி இழுங்க. ரெண்டரைக் கோட்டுல நிறுத்துங்க."

கண்டக்டர் கோட்டில் கச்சிதமாக நிறுத்தினான். பரவாயில்லையே என்று அவள் நினைப்பதற்குள், பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து சிரிஞ்சின் இழுக்கிற தண்டில், குழாயின் விளிம்பை ஒட்டிக் கரகரவென்று கீறினான்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா ஒரு அடையாளம் சிஸ்டர்."

"அதான் வரிசையாக் கோடு போட்டு நம்பரும் எழுதியிருக்கானே! அது பத்தாதுன்னு நீங்க வேற போடணுமா?"

சிரிஞ்சைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். புதிதாக ஒன்றைக் கொடுத்தாள். பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நடுவில் நிமிர்ந்து பார்த்தால், கதவோரப் பெஞ்சில் ஒரு பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு, காதை அறைப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஒட்டுக் கேக்கறீங்க? உங்க முறை வந்தா கூப்பிடறேன்!"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சிஸ்டர் திரும்பினால், இங்கே மறுபடி சாவி, மறுபடி கீறல். போதாததற்கு, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், டிக்கெட் கிழிச்சுக் கிழிச்சு வந்த பழக்கமா? எதைக் கொடுத்தாலும் கை சும்மா இருக்காதா?"

இரண்டாவது சிரிஞ்சும் கூடைக்குப் போனது.

"வீட்ல மருந்து கொடுக்கப்போறது யாரு? நீங்கதானே?"

"நான் விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுவேன் சிஸ்டர். திரும்பறதுக்குள்ள பாப்பா தூங்கிடும். என் வீட்டுக்காரிதான் கொடுப்பா."

சிஸ்டர் பேனாவை மேஜை மேல் டொக்கென்று வைத்தாள்.

"இவ்வளவு நேரம் என் தொண்டைத் தண்ணி வத்தினப்புறம் சொல்றீங்களே! அவங்க எங்கே?"

"வீட்ல."

"குழந்தை வெட்டி வெட்டி இழுத்திருக்கு. பெத்தவங்க வீட்ல உட்கார்ந்திருக்காங்களா? ரொம்ப நல்லா இருக்கு!"

அவன் வாசலைப் பார்த்தான்.

"யாரு கொடுக்கறாங்களோ அவங்க என் கண்ணு முன்னாடி அளந்து காட்டணும். அதுவரைக்கும் இந்த பாட்டில் மேஜையை விட்டு நகராது."

"நானே போய்ச் சொல்லித் தரேன் சிஸ்டர். இன்னிக்கு ராத்திரியே மருந்து கொடுத்தாகணும்..."

"நீங்க சொல்லித் தர்ற லட்சணம்தான் கூடையில கிடக்கே! போன் போடுங்க. உடனே கிளம்பி வரச் சொல்லுங்க."

அவன் தயங்கித் தயங்கி நம்பரை அழுத்தினான்.

வாசலுக்கு வெளியேதான் மணி அடித்தது.

கதவோரப் பெஞ்சில் இருந்த பெண் எழுந்தாள். சுவரைத் தடவி, நிலைப்படியைக் காலால் துழாவி, மெதுவாக உள்ளே வந்தாள்.

"அவரைத் திட்டாதீங்க சிஸ்டர். முன்னாடி ஒரு ஆஸ்பத்திரியில, கண்ணு தெரியாதவகிட்ட மருந்தைக் கொடுக்காதீங்க, குழந்தையையும் வேற யார்கிட்டயாவது விட்டுடுங்கன்னு சொல்லிட்டாங்க. இங்கேயும் அப்படிச் சொல்லிடுவீங்கன்னு பயந்து என்னை வெளியில உட்கார வச்சுட்டார். நீங்க சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு. முதல்ல இழுத்துத் தள்ளணும், நுனியை வெளியே எடுக்கக் கூடாது. நகத்துக்குத் தட்டுப்படற மாதிரி ஒரு கீறல் மட்டும் இருந்தாப் போதும், நான் அளந்துடுவேன்."

சிஸ்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குப்பைக் கூடையைப் பார்த்தாள். தன் நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணை உட்கார வைத்தாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்கம்மா. எல்லாருக்கும் சொல்றதுதான் உங்களுக்கும். என் முன்னாடி அளந்து காட்டணும். ஒரு சொட்டு தப்பினாலும் விட மாட்டேன்."

டிராயரைத் திறந்து மூன்றாவது சிரிஞ்சை எடுத்தாள். இரண்டரைக் கோடு வரை இழுத்து, நகராமல் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்தச் சாவியைக் கொடுங்க சார்."