கதாநாயகன் முகம் எங்கே?

படம் ஓடி முடிந்ததும் காசு போட்டவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்ப்பா, ஹீரோ மூஞ்சி ஒரு இடத்துலகூடத் தெளிவா இல்லையே?”

இயக்குநர் தாடியைத் தடவினார். “மங்கலா காட்டினாத்தான் சார், சொந்தப் புத்தி இல்லாத ஆளுன்னு புரியும்.”

“அவன் அம்மா மட்டும் மலை மாதிரி நிக்கிறாங்க?”

“கேமராவைத் தரையில வெச்சு எடுத்தேன். அதிகாரம் சார்! கதாநாயகி மேல அவங்க நிழல் விழுதே, கவனிச்சீங்களா?”

“டைரக்டராம் டைரக்டர்! இது என் பொண்ணோட கல்யாண வீடியோய்யா! சம்பந்தி வீட்டுல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போட்டுக் காட்டுவேன்?”

‘சும்மா பார்த்துட்டுப் போக’ என்று பெரிய பெட்டியோடு வந்திறங்கியிருந்த மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவரைத் திட்டாதீங்கப்பா” என்றவள், இயக்குநரிடம் திரும்பினாள்.

“ஏண்ணா, இதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்துக் காட்டியிருக்கக் கூடாதா?”